திரும்பற வரைக்கும்

பேய்ப்படம்னு தெரிஞ்சிதான் வந்தேன் கண்ணு. தனியாத்தான். நீயும் தனியாத்தான வந்துகீற? காலை மடக்கிக்க. இன்டர்வெல்லு முடியறதுக்குள்ள பாப்கார்னு வாங்கிகினு மிதிச்சிகினே போவானுங்க.

எனக்கு இதுல பயம் இல்ல, வயித்தெரிச்சல்தான். படத்துல பொண்டாட்டியாட்டமே ஒருத்தி வூட்டுக்குள்ள வந்து பூந்துகினா. புருசனுக்கே வித்தியாசம் தெரியல. நெசமான பொண்டாட்டி வாசல்ல நின்னுகினு நான்தான், நான்தான்னு கத்தறா, ஒருத்தனும் நம்பல. பின்னாடி சீட்டுல இன்னான்னா சிரிக்கிறானுங்க.

அந்த ரெண்டாமவ சன்னலாண்ட முதுகு காட்டி நின்னா பாரு, அது எம்பொண்ணு.

சத்தியமா. பேரு அமிர்தவல்லி. இல்ல, கடைசில பேரு ஓடுதே, அதுல போடல. டூப்பு போடறவங்களுக்குப் போட மாட்டாங்களாம். நாங்க படாளத்து ஆளுங்க. அவ மகாபலிபுரத்துல ஒரு ரிசார்ட்டுல வேல. வர்றவங்களுக்கு ரூம் சாவி எடுத்துக் குடுப்பா. செங்கல்பட்டு வந்து பஸ்ஸு மாறிப் போவா. இந்தப் படத்துக்காரங்க அங்கதான் தங்கினாங்க. ஈரோயினுக்கு கடல்னா பயமாம், எறங்க மாட்டேன்னுடுச்சி. டைரக்டரு இவளப் பாத்தாரு. அதே ஒயரம், அதே முடி. நடந்தா போதும்மா, மூஞ்சி வராதுன்னாராம்.

வூட்டுக்கு வந்து ஒரே குதி. நான் திட்டினேன். மூஞ்சிய மறைச்சிகினு இன்னாடி நடிப்புன்னேன். போம்மா, படம் வரட்டும், மொத ஷோவுக்கு கூட்டிகினு போறேன், பக்கத்துல ஒக்காந்து காட்டறேன்னா.

இப்ப வரும் பாரு. கடலுக்குள்ள நடந்து போவா. எடது காலை லேசா இழுத்து வெப்பா, சின்னதுல சைக்கிள்லேர்ந்து வுழுந்தது. அப்பால திரும்புவா. திரும்பினா ஈரோயின் மூஞ்சி. கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டாங்களாம். கழுத்துக்குக் கீழ எம்பொண்ணு, மேல யாரோ. மொத தபா பாத்தப்போ அமிர்தான்னு கத்திட்டேன் கண்ணு. கெழவி பேயப் பாத்து பயந்துட்டான்னு கைதட்டினானுங்க. அவனுங்களுக்கு இன்னா தெரியும்? இப்பல்லாம் திரும்பற எடத்துல கண்ண மூடிக்குவேன்.

இது எத்தினியாவது தபாவோ, எண்ணல. அவங்கப்பா ஒரு தபா கூட வரல. கூப்புட்டா எழுந்து கொல்லப் பக்கம் போயிடுறாரு. போனுல அவ வீடியோ கீதுதான், இல்லன்னு சொல்லல. யாரோ கல்யாணத்துல சாப்புட்டுகினு கீறா, கைய காட்டி எடுக்காதன்றா, அவ்ளோதான்.

அவளயா? எப்டிக் கூட்டிகினு வர்றது கண்ணு? அன்னிக்கு பஸ்ஸு வரலன்னு கூட வேல செய்யற பொண்ணு வண்டில ஏறிட்டா. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவு, எதிர்ல லாரி. அந்தப் பொண்ணு பொழைச்சிக்கிச்சி. இவளுக்கு புதன்கெழம காரியம் செஞ்சோம். படம் வெள்ளிக்கெழம வந்திச்சி.

அய்ய, நீ இன்னாத்துக்கு அழுவுற? கண்ணத் தொடச்சிக்க. லைட்ட அணைச்சிட்டான் பாரு. தோ, நடக்குறா.