கோவிந்தன் உட்காரவில்லை

துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். பிறகு இடிபோல் குண்டு வெடிக்கிறது. விளக்கு ஆடுகிறது. கூடாரத்தின் மேல் மண் கொட்டுகிறது. மேசையில் கிடக்கும் சிப்பாயின் வயிறு திறந்திருக்கிறது. மண் விழாமல் என் உடம்பால் மறைக்கிறேன். கிழிந்த குடலைத் தைக்கிறேன். விரல்கள் மரத்துவிட்டன.

எல்லைப் போர். நான் ராணுவ அறுவை மருத்துவர். கூடாரத்துக்கு நான் ஒருவனே.

தையலை முடித்து வெளியே வந்தேன். காயம்பட்டவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருவன் மட்டும் நின்றான். முன்கையில் சிராய்ப்பு. தடித்த குளிர் அங்கி. தமிழில் பேசினான்.

"கள்ளக்குறிச்சி டாக்டர்னு சொன்னாங்க. நானு கல்வராயன் மலைங்க. கோவிந்தன்."

"மலைக்காரனுக்கு மலையிலயே சண்டை குடுத்துட்டாங்களா?"

"எங்க மலையில சாமை வெளையும்ங்க. இங்க பனிதான் வெளையுது."

சிரித்தேன். பல நாள் கழித்து.

"உக்காருப்பா."

"பரவால்லீங்க. நிக்கிறேங்க. வயிறுதான் கனமா கீது. மொதல்ல அவங்கள பாருங்க."

நின்றபடியே அங்கிக்கு மேல் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. நாடி வேகம். குளிர் என்று நினைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் என் அப்பாவுக்குத் தானிய மண்டி. மலைக்காரர்கள் மூட்டையோடு வருவார்கள். ஒருவரும் எங்கள் முன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இவன் நின்றதும் எனக்கு இயல்பாகத் தெரிந்தது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வயிற்றுக் காயத்தை வயிற்றில் மட்டும் தேடக் கூடாது. துணியைக் களைய வேண்டும். புரட்டிப் பார்க்க வேண்டும். முதுகு, தொடை, புட்டம். மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்தவனைக் கவனிக்கப் போனேன்.

மறுபடியும் துணி கிழியும் சத்தம்.

"படுங்க! கீழ படுங்க!"

கத்தியவன் கோவிந்தன். எல்லோரும் படுத்தோம். இடி. பின் எழுந்தோம். அவன் எழவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் புரட்டினேன். இடது புட்டத்தில் விரல் நுனி அளவு துளை, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னிடம் காட்டக் கூச்சம் அவனுக்கு. கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

வயிற்றைத் திறந்தேன். உள்ளே ரத்தம் தேங்கி நின்றது. குண்டுச் சில்லு மலக்குடலைத் துளைத்து, இடுப்புக்குள் ஓடும் பெரிய சிரையைக் கிழித்திருந்தது. துணி வைத்து அடைத்தேன். நனைந்தது. மறுபடி அடைத்தேன். நனைந்தது. ஏற்றுவதற்கு ரத்தம் தீர்ந்துபோனது. விடியுமுன் இறந்தான். வந்தவுடன் திறந்திருந்தால் பிழைத்திருக்கலாம். அப்போது ஏற்ற ரத்தமும் இருந்தது, நேரமும் இருந்தது.

குண்டு பட்டதுமே போய்விட்டான் என்று அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆறுதலுக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. போன மாதம் பஸ் ஏறி மலைக்குப் போனேன். அவன் அண்ணன் சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"வலிச்சுதுங்களா அவனுக்கு?"

"வலிச்சுது."

"எங்கம்மா நம்பவேயில்லீங்க. எம்புள்ள அப்டி சட்டுனு போறவன் இல்லன்னு சொல்லிக்கினே கெடந்துது. நாங்கதான் வாய மூடுன்னு திட்டுவோம்." களையை வரப்பில் எறிந்தார். "அது இருந்தப்ப வந்திருக்கலாமில்லீங்க?"

பஸ் வரும் வரை அவர் களை பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

அன்று கூடாரத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். நால்வருக்கு வயிற்றைத் திறந்தேன். மூவர் பிழைத்தார்கள். கோவிந்தன் பிழைக்கவில்லை. வயது இருபத்து நான்கு. அவன் அம்மா சொன்னது சரி என்று அவளிடம் சொல்ல ஆள் இல்லாமலே அவளும் போய்ச் சேர்ந்தாள்.