ஆழமான பக்கத்துக் கொக்கிகள்

இலை முழுக்க உதிர்வதற்கு முன்னால் நீச்சல் குளத்தை மூடுகிறவர்கள் சோம்பேறிகள். இது என் கணவர் நோர்மானின் கருத்து. பக்கத்து வீட்டு இவோன் செப்டம்பரிலேயே ஆள் வைத்து மூடிவிடுவான். நோர்மான் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன இவோன், தண்ணியப் பாத்தா அவ்வளவு பயமா?" என்று வம்புக்கு இழுப்பார். எங்கள் டிரம்மண்ட்வில்லில் நவம்பர் பிறந்துவிட்டால் தண்ணீர் உறையத் தொடங்கிவிடும். அதற்குள் முடித்தால் போதும்.

நீங்கள் சின்ன வயது அதிகாரி, வீட்டில் குளம் இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். முதலில் தண்ணீரை ஒரு முழத்துக்கு இறக்க வேண்டும். பிறகு குழாய்களுக்குள் காற்றை அடித்து உள்ளே தங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும். குழாய் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, ஏணியைக் கழற்றி காரேஜில் வைத்துவிட்டு, கடைசியில் மூடியைப் போடுவது. மூடி என்றால் தடித்த வலைத்துணி. சுற்றிலும் பட்டைகள், ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ஒரு ஸ்பிரிங். அதைக் கம்பியால் நெம்பி இழுத்து, சிமெண்டுத் தரையில் பதித்த பித்தளைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஒழுங்காக மாட்டினால் ஆளே ஏறி நடக்கலாம். நோர்மான் நடப்பார். காலையில் துடைப்பத்தோடு அதன்மேல் ஏறி இலை தள்ளாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

இந்த வருடம் எல்லா வேலையையும் நான் தனியாகச் செய்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். எதற்குப் பின் எது என்று ஒன்று விடாமல் அவருக்கு ஞாபகம் இருந்தது. மறந்து போனது நான் ஒருத்திதான்.

"மேடம், நீங்களும் நல்லாத்தான் செய்றீங்க," என்றார். "ஆனா என் பொண்டாட்டி லிசெத் கை வேற மாதிரி. அவ நெம்புனா ஒரே இழுப்புதான்."

"நான்தான் லிசெத்."

மரியாதையாகச் சிரித்தார். "கிண்டல் பண்ணாதீங்க மேடம். அவளுக்கு இவ்வளவு நரை கிடையாது."

எங்கள் மகள் ஷாந்தால் மொன்றியலில் இருக்கிறாள். வரும்போதெல்லாம், "அப்பாவ ஒரு முதியோர் இல்லத்துல சேத்துடலாம்மா. நீ துரும்பா இளைச்சுட்ட," என்பாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் கொண்டுபோய் முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு வர நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

ஆனால் அவர் அந்த லிசெத்துக்காகக் காத்திருந்தார். மேசையில் அவளுக்கென்று ஒரு தட்டு வைப்பார். நான் பட்டாணி சூப் ஊற்றினால் அவளுக்கும் எடுத்து வைக்கச் சொல்வார். சாயங்காலமானால் என் கோட்டை எடுத்து வந்து நீட்டி, "கிளம்புங்க மேடம், உங்க வீட்ல தேடுவாங்க," என்பார். ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்று அழுதேன். என்னைத் தேட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். அவரோ என்னை வழியனுப்பிவிட்டு, உள்ளே உட்கார்ந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தார். அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

ஆழமான பக்கத்தில் மட்டும் ஸ்பிரிங்குகளைக் கொக்கிகளின் மேல் சும்மா வைத்தேன். நெம்பவில்லை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. முழங்கால் வலிக்கிறது, நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை முதல் பனி தூவியிருந்தது. அவர் துடைப்பத்தை எடுத்தார். நான் அவருடைய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கனமான கோட்டாகப் பார்த்துப் போட்டு, பொத்தான்களையும் மாட்டிவிட்டேன். சளி பிடித்தால் அவருக்குத் தாங்காது.

நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அடக்கம் முடிந்ததிலிருந்து ஷாந்தால் சாப்பிடுவதில்லை. "அந்த வாரம் நான் வந்து மாட்டிக் குடுத்திருந்தா அப்பா இருந்திருப்பாரு," என்று புலம்பிக்கொண்டே இருக்கிறாள். பெற்ற பெண் வீணாகப் பழி சுமப்பதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். வேண்டுமென்றுதான் செய்தேன். அவர் நன்மைக்காகத்தான் செய்தேன். தன்னையே தெரியாமல் போவதற்கு முன்னால் அவர் போய்விட வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் சத்தம் போட்டாரா என்று கேட்டீர்கள். போட்டார். நான் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றேன். மூடி ஒரு பக்கமாக உள்ளே சரிந்திருந்தது. தண்ணீர் இறக்கியிருந்ததால் அவர் கை விளிம்பைப் பிடிப்பதும் நழுவுவதுமாக இருந்தது. ஏணி காரேஜில் இருந்தது. அது எல்லா வருடமும் அங்கேதான் இருக்கும், அதில் என் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"லிசெத், கிட்ட வராத. கொக்கியெல்லாம் கழண்டு கெடக்கு, நீயும் விழுந்துடுவ. இவோனக் கூப்பிடு."

லிசெத் என்றார். மேடம் என்று சொல்லவில்லை. என் நரைத்த தலையை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். என் நெஞ்சு அங்கேயே உடைந்துவிட்டது. போன் என் சட்டைப் பையில் இருந்தது.

கிட்ட வராதே என்றார், நானும் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை நான் ஒருமுறைகூடத் தட்டியதில்லை.