மத்தியானப் பக்கம்

எங்க வீட்டுக்காரரோடதுங்க. தொடுங்க, தொட்டா ஒண்ணும் ஆகாது. சுத்திக் கயிறு கட்டி வெச்சிருக்கிறதெல்லாம் மத்தவங்க வேலை. நாங்க ஒரு நாளும் கட்டுனதில்ல. கை வைக்காம பாத்தா இந்த வண்டியில என்ன தெரிஞ்சிடப்போகுது?

உக்காருங்களேன், அந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கு. மடக்கு நாற்காலி, மெதுவா. ஒரு கால் சொன்னபடி நிக்காது. ம், அப்படித்தான். இந்தப் போர்வைய முழங்கால்ல போட்டுக்குங்க. பேருதான் ஜூன் மாசம். மால்வர்ன் மலைக் காத்து வேற எடம் கெடைக்காத மாதிரி நேரா இந்த வயலுக்குத்தான் வருது. வருசா வருசம் இந்தப் பழைய கார் கண்காட்சிக்கு இதே வயல், இதே காத்து, செருப்புக்கடியில இதே ஆட்டுப் புழுக்கை.

டீ ஊத்தட்டுமா? ரெண்டு சர்க்கரைதானே? அட, எப்படித் தெரியும்னா, சும்மா ஒரு ஊகம்தான். ரெண்டு சர்க்கரை போடறவங்களுக்கு முகத்துல ஒரு இது இருக்கும்.

என் பேரு பெரில். நல்ல பேரா? இருக்கட்டும். நல்லாருக்குன்னு யாரும் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாச்சு.

இந்த வண்டியா? அடியில பாத்தா சாதாரண டிரையம்ஃப் கார்தான். சேசிஸ், இன்ஜின், சக்கரம் எல்லாம் கோவென்ட்ரி ஃபேக்டரில செஞ்சு வந்தது. அந்த மாதிரி இந்த வயல்லயே வரிசையா நிக்குது, பச்சை, செவப்பு, மறுபடி பச்சை. மேல இருக்கிற பாடிதான் வேற. பிராம்யார்டு ஊர்ல ரெஜ் டோலின்னு ஒருத்தர் இருந்தாரு. சர்ச்சுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை. அங்க உக்காந்து அலுமினியத் தகட்டக் கையால அடிச்சு அடிச்சுக் கட்டுனது இது. இந்தக் கூரை, பின்னாடி மீன் வால் மாதிரி இறங்குது பாருங்க, எல்லாம் அவரு கைதான். மொத்தமே ரெண்டு வண்டிக்குத்தான் பாடி கட்டுனாரு. மூணாவதா ஒருத்தர் கேட்டு வந்தப்ப, எனக்குக் கை வலிக்குதுய்யா, போய்யான்னுட்டாராம். அப்புறம் கோழிக்கூண்டு பண்ணி விக்கப் போயிட்டாரு. கோழிங்க கோணலப் பத்திக் கேள்வி கேக்கறதில்லன்னாராம்.

ஆமா, கோணல். நல்லாப் பாத்தா தெரியும். இடது பக்கம் வலது பக்கத்தவிட ரெண்டு விரக்கடை நீளம். அந்த மட்கார்டு கொஞ்சம் தளர்ந்து தொங்கும். அதுலதான் இப்ப எல்லா வம்பும்.

காலைலேர்ந்து ரெண்டு பேரு விலை கேட்டுட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் ஜைல்ஸ்னு லண்டன்காரர். ஆடு மேயற வயலுக்கு வெள்ளை பேண்ட் போட்டுக்கிட்டு வந்திருக்காரு, மகராசன். கூடவே ஒரு நிபுணர். அவரு படுத்துப் பாத்தாரு, அளந்து பாத்தாரு, பெருமூச்சு விட்டாரு. ஆஸ்பத்திரில டாக்டர் வெளிய வந்து சொல்வாரே, அந்தக் குரல்ல, மேடம், இந்த வண்டி எங்கியோ பலமா இடி வாங்கியிருக்குன்னாரு. இடிக்கல, பொறந்ததே அப்படித்தான்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வயசான பொம்பளைங்க பேசறப்ப ஆம்பளைங்க அப்படிப் பாத்துக்குவாங்க, தெரியுமில்ல? ஜைல்ஸ் என் தோளத் தட்டி, நீங்க கவலையே படாதீங்க, எங்க ஆளு அந்தப் பக்கத்த மொத்தமா உரிச்சு எடுத்துட்டு, வலது பக்கம் மாதிரியே ஒண்ணு செஞ்சு மாட்டிடுவான், ரெண்டு பக்கமும் கண்ணாடில பாத்த மாதிரி இருக்கும்ங்கறாரு. நான் போய் இடது பக்கத்த மறைச்சுக்கிட்டு நின்னேன்.

நல்ல விலைதான் சொல்றாரு, இல்லன்னு சொல்லல. சாப்பிட்டுட்டு வந்து பதில் கேக்கறேன்னு போயிருக்காரு.

இன்னொருத்தி நெரிஸ். மாட்டு டாக்டரு, ஹெரிஃபோர்டு பக்கம். பூட்ஸ் முழுக்கச் சாணி, பின்னாடியே ஒரு நாய். வண்டியச் சுத்தி வந்தா, இடது பக்கம் வந்ததும் சிரிச்சுட்டா. என்னம்மா சிரிக்கிறேன்னேன். ஏதோ சொல்ல வந்துட்டு சொல்லாம விட்ட மாதிரி, வண்டிக்கு வாய் ஒரு பக்கமா சுழிச்சிருக்குன்னா. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வைக்கோல் கொட்டகை இருக்கு, நனையாம நிக்கும். இப்படியே ஓட்டுவேன், நாய முன் சீட்டுல வெச்சுக்குவேன்னா. ஆனா ஜைல்ஸ் தர்றதுல பாதிதான் தர முடியும்னு அவளே சொல்லி, காதெல்லாம் செவந்து போயிடுச்சு, பாவம்.

யாரு வண்டியா? எங்க வீட்டுக்காரரோடதுங்க. பரவால்ல, எத்தனை தடவ வேணா கேளுங்க.

அவரா? இங்கதான் இருக்காரு. வருவாரு. சில நாள் வருவாரு, சில நாள் வர்றதில்ல.

அந்தத் தொப்பிக்காரரா? எங்க கார் க்ளப் செகரட்டரி. உங்களப் பாத்துத்தான் தொப்பிய எடுத்தாரு. நீங்களும் கையத் தூக்குங்க. ம். நல்ல மனுசன். பேசத் தெரியாம அப்படியே போயிட்டாரு பாருங்க.

எனக்குப் பிடிக்குமான்னு கேக்கறீங்களா? இந்த வண்டியவா? நல்லா கேட்டீங்க. என்னோட ஞாயித்துக்கிழமை எல்லாம் இதுதானே தின்னுச்சு. என்னப் பாக்க முதன்முதலா வந்தப்பவே இதுலதான் வந்தாரு. கதவு தெறக்கல. புதுப் பாவாடையோட சன்னல் வழியா ஏறுனேன், எங்கம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்பவே புத்தி வந்திருக்கணும். ஒரு கல்யாண நாளுக்கு என்ன வாங்கிக் குடுத்தாருங்கறீங்க? பின் விளக்கு. சிரிங்க, சிரிங்க. காகிதம் சுத்தி, ரிப்பன் கட்டி, இந்த வண்டிக்கு ஒரு பின் விளக்கு. ஒண்ணே ஒண்ணு. ஜோடி எங்கன்னு கேட்டா, அது அடுத்த வருசத்துக்குன்னாரு. சொன்ன மாதிரியே அடுத்த வருசம் குடுத்தாரு, அதச் சொல்லணும்.

ரெண்டாவது வண்டி? அது போயிடுச்சுங்க. வேல்ஸ்ல ஒரு பண்ணைல நின்னுக்கிட்டிருந்தது, ஒரு புயல்ல ஓக் மரம் சாஞ்சு கூரை நசுங்கிடுச்சு. அதப் பாக்கணும்னு மழையோட மழையா போனாரு. நான் கூடப் போகல, எனக்கு ஜலதோஷம். ராத்திரி வந்து, சொட்டச் சொட்ட அடுப்பங்கரைல நின்னு, பெரில், அதுவும் கோணல், அதுவும் ரெண்டு விரக்கடைன்னு கத்துறாரு. கூரைதான் போச்சே தவிர பக்கமெல்லாம் முழுசா நின்னுருக்கு, கையால அளந்து பாத்திருக்காரு. புள்ள பொறந்த மாதிரி ஒரு முகம். இடி வாங்கினதுன்னு சொன்னவன் வாயெல்லாம் அடைஞ்சுது, அது ரெஜ்ஜோட கைதான்னு தெரிஞ்சு போச்சுன்னாரு. நான் துண்ட எடுத்து வீசுனேன். தொடைச்சுக்கோங்க, தரையெல்லாம் ஈரம்னேன். அவ்வளவு பெரிய சந்தோசத்துக்கு நான் சொன்னது அதுதான்.

ரெஜ் கை எதுக்குக் கோணுச்சுங்கறதுக்கு எங்க வீட்டுக்காரர் ஒரு காரணம் வெச்சிருந்தாரு. என்கிட்ட மட்டும்தான் சொல்வாரு. க்ளப்புல சொன்னா அதையும் ஆராய்ச்சி பண்ணி அச்சடிச்சுடுவானுங்கன்னு பயம். என்ன காரணமா? அத நான் சொல்ல மாட்டேங்க. அவரு சொல்லணும். கைய மட்கார்டு மேல வெச்சுக்கிட்டு, கண்ண இடுக்கிக்கிட்டு, அவரு சொன்னாத்தான் அது வேடிக்கை. நான் சொன்னா வெறும் தகவல்.

விக்கத்தான் வேணுமாங்கறீங்களா? வேற வழி இல்லீங்க. மாடிப்படில ரெண்டு தடவ விழுந்துட்டாரு. இனிமே மாடிய மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க வீடு சின்னது, கீழ அறைன்னு பாத்தா கார் ஷெட் மட்டும்தான். திங்கக்கிழமை கொத்தனார் வர்றாரு. ஒரு சன்னல், ஒரு குளியலறை, பக்கத்துல புடிச்சுக்கக் கம்பி. வண்டி நின்ன எடத்துல கட்டில் போடணும். எண்ணெய் சொட்டுன எடத்துல தலகாணி வரும். ஒரு விதத்துல பாத்தா அவருக்குப் பிடிச்ச வாசனைதான்.

வெளிய நிறுத்த முடியாதுங்க. தகட்டுக்கு உள்ள மரச்சட்டம். ஒரே குளிர்காலம் நனைஞ்சா உளுத்துடும்.

அதுவுமில்லாம வண்டி கண்ணுல பட்டா சாவியத் தேடுவாரு. போன ஏப்ரல்ல, பால் வாங்கிட்டு வரேன்னு எடுத்துக்கிட்டுப் போனவரு, மத்தியானம் ஆச்சு, வரல. சாயங்காலம் போலீஸ்லேர்ந்து போன். ரெஜ் கொட்டகை இருந்த எடத்துல இப்ப தரைவிரிப்புக் கடை. அது வாசல்ல உக்காந்து, ரெஜ் எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. ரெஜ் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு. அந்தக் கடைப்பையன் நல்லவன், ஒரு கம்பளிச் சுருள் மேல உக்கார வெச்சு பிஸ்கட் குடுத்திருக்கான். அன்னிலேர்ந்து சாவி என் கைப்பைல.

களைப்பா இருக்குங்க. களைப்புன்னா தூங்கி எழுந்தா போற களைப்பு இல்ல. யாருக்குக் குடுக்கறதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும், அவ்வளவுதான். கேக்காம வித்தா அவரு சட்டைப்பைல கைய விட்ட மாதிரி இருக்கு. ஒரு வாரமா கேக்கறேன். கிணத்துல கல்லு போட்டுட்டு, சத்தம் வருமா வருமான்னு நிக்கற மாதிரி இருக்கு.

எங்க எழுந்திருக்கிறீங்க? மெதுவா, மெதுவா. போர்வை காலச் சுத்துது, இருங்க. ஓ, தடவிப் பாக்கணுமா? பாருங்களேன். அந்தக் கப்ப என்கிட்ட குடுங்க.

ம். உள்ளங்கையால. அப்படித்தான் பாக்கணும், விரலுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ண மூடிக்கிட்டீங்களா? சரி. வலது பக்கம் முடிஞ்சுதா? மூக்கச் சுத்தி இந்தப் பக்கம் வாங்க. கயிறு கெடக்கு, பக்கத்து வண்டிக்காரங்களோடது, காலத் தூக்கி வைங்க. இதுதான் அந்தப் பக்கம். மெதுவா போங்க. கதவு வரைக்கும்.

என்ன? எதுக்குச் சிரிக்கிறீங்க?

கேக்கல, ஒலிபெருக்கில அந்தாளு கத்துறான். மறுபடி சொல்லுங்க.

வலது பக்கம் காலைல அடிச்சது... இடது பக்கம் மத்தியானம், பப்புக்குப் போய்க் குடிச்சுட்டு வந்து அடிச்சது.

இத உங்களுக்கு யாரு சொன்னா? நான் சொல்லலியே. அந்தக் காரணத்த நான் சொல்லவே இல்லியே.

கைக்கே தெரியுதா? ம். தெரியும், தெரியும்.

இங்க திரும்புங்க. வண்டிய விடுங்க, என்னப் பாருங்க. என் தொப்பிய எடுத்துட்டேன், பாருங்க. நான் யாரு?

ஆமா. வண்டிக்காரரோட சம்சாரம். கரெக்ட். அது ஒண்ணும் தப்பில்ல. அது சரியான பதில்தான்.

ஒண்ணுமில்ல, கண்ணுல காத்து. உக்காராதீங்க, இப்படியே நில்லுங்க, கைய அங்கியே வெச்சுக்கிட்டு. அதோ வெள்ளை பேண்ட் வருது, கைல செக் புக்கோட. அவரு வர்றதுக்குள்ள சொல்லுங்க. ஜைல்ஸுக்கா, நெரிஸுக்கா? நேர் பண்றவருக்கா, நாய ஏத்தறவளுக்கா? உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொன்னா போதும்.

என்ன?

மொதல்ல உங்க வீட்டுக்காரரக் கேளுங்கம்மாவா?

அவரத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், டெரிக். ஒரு வாரமா. இப்பதான் பதில் வந்துச்சு.

சரி, சரி, பயப்படாத. ஒண்ணும் தப்பா சொல்லல நீ. கோட்டுப் பட்டனப் போடு, காத்து ஏறுது. ஜைல்ஸ்கிட்ட நான் பேசிக்கறேன், ரெண்டே வார்த்தைதான். போற வழியில நெரிஸ் நிக்கிற எடத்துல ஒரு நிமிசம் நிறுத்தணும். பாதிப் பணம்தானே வரும், குளியலறைல தொட்டி வேணாம்னு கொத்தனார்கிட்ட சொல்லிடலாம், ஷவர் போதும். எத்தனை பேரு தொட்டில உக்காந்து சாதிச்சுட்டாங்க.

உன்னையா? கொண்டு போய் விடறேன். சுத்து ஒண்ணும் இல்ல. நான் போற வழியிலதான் உன் வீடு.

அந்தப் பக்கம் போகாத, இன்னிக்கு நான் ஓட்டறேன். நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. ஆமா, இதான். மத்தியானப் பக்கம்.