என் கையின் பலம் குறித்து

ஐயா,

வெள்ளைச் சட்டையில் படிந்த தலை எண்ணெயைச் சலவைச் சோடா போட்டு வேகவைத்தாலும் முழுதாக எடுக்க முடியாது. இரண்டு வருஷம் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் நிழல் தங்கிவிடும். வெயிலில் காயப்போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

என்னைத் தங்களுக்குத் தெரியும். போன மாதம் தங்கள் கோர்ட்டில் அரசுத் தரப்பு முதல் சாட்சியாக நின்ற அப்பாதுரை நான்தான். வயது இருபத்தேழு. விழுப்புரத்தில் வாடகை அறை, திண்டிவனத்தில் குமாஸ்தா உத்தியோகம். காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புகிறவன். என் சக குமாஸ்தா துரைக்கண்ணு ஓடும் ரயிலில் ஏறும்போது, பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்து அவன் சாவுக்குக் காரணமானதாக, டீ விற்கும் சவுரிராயன் மேல் வழக்கு நடக்கிறது. வருகிற வியாழக்கிழமை தீர்ப்பு. என் சாட்சியத்தை எடுத்துவிட்டால் அந்த வழக்கு நிற்காது என்று சர்க்கார் வக்கீலே என்னிடம் சொன்னார். அந்தச் சாட்சியத்தில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

துரைக்கண்ணு நல்லவன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. முகையூர்ப் பக்கத்து ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் நானும் அவனும் ஒரே நாளில் இந்த ஆபீசுக்கு மாற்றலாகி வந்தோம். ஆபீசில் பக்கத்து மேஜை, ரயிலில் பக்கத்து இடம். தலைக்கு எண்ணெய் வைப்பதில் கஞ்சத்தனம் கிடையாது. வண்டி முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான்.

நான் சட்டைப்பையில் ஒற்றுத்தாள் வைத்திருப்பேன். எழுதிய மை கலையாமல் இருக்க அது வேண்டும். அதற்காக எனக்குப் 'பிளாட்டிங்' என்று பெயர் வைத்தான். ஒரு மாதத்துக்குள் பெட்டி முழுக்க அந்தப் பெயர்தான். டிக்கெட் பரிசோதகர் கூட ஒரு நாள், "பிளாட்டிங் சார், சீசனக் காட்டுங்க" என்றார். என் பத்திரிகையை நான் பிரிப்பதற்கு முன் அவன் பிரிப்பான், மடிப்பு மாற்றி மடித்துக் கொடுப்பான். என் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னிக்கும் தயிர் சோறா? நீ இன்னா கோயில் குருக்களாய்யா?" என்று பெட்டிக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அதில் பாதியைத் தின்பான். ஊறுகாயை மட்டும் எனக்கு விட்டுவைப்பான். இவை எல்லாம் சின்ன விஷயங்கள். ஒரு நாளும் அவனிடம் நான் எதுவும் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லித் தெரிய வேண்டிய விஷயங்கள் அல்ல அவை.

போன ஆகஸ்ட் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. மேலதிகாரி பரிசோதனைக்கு வருகிறார் என்று ஏழு பக்க அறிக்கை ஒன்றைச் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓர் அடித்தல் இல்லாமல் எழுதி எடுத்துப் போனேன். மடியில்தான் வைத்திருந்தேன். துரைக்கண்ணுவின் தலை வழக்கம்போல் என் தோளுக்கு வந்தது, அங்கிருந்து சரிந்து மடிக்கு வந்தது. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்தபோது மூன்று பக்கங்கள் கண்ணாடி போல ஆகியிருந்தன. எண்ணெய் பட்ட தாளில் மை ஒட்டாது, ஐயா.

"அடடே, பிளாட்டிங்கு மடியிலயே எண்ணெ ஊறிப்போச்சா," என்றான். பெட்டியே சிரித்தது. "இன்னா இப்ப, மூணு பக்கந்தானே? உன் கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? ஜல்தியா எழுதிப் போட்டுடுவ."

மூன்று பக்கத்தை மட்டும் மாற்றினால் மையின் நிறம் வேறுபடும். ஏழையும் திரும்ப எழுதினேன். பகல் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. அப்படியும் அதிகாரி கேட்ட நேரத்துக்கு முடியவில்லை. தாமதத்துக்குக் காரணம் கேட்டு மாலையில் மெமோ வந்தது. ஆறு வருஷ உத்தியோகத்தில் எனக்கு வந்த முதல் மெமோ. துரைக்கண்ணு வந்து எட்டிப் பார்த்தான். "பேஜாராயிடுச்சா? உடுய்யா. இந்தா, மல்லாட்டை தின்னு," என்று வறுத்த கடலை ஒரு பிடி எடுத்து என் மேஜையில் வைத்தான். மெமோவின் மேல் வைத்தான்.

எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட எங்கள் வண்டி நடுவழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நிற்கும். அதன் பெயர் கேஸ் கட்டில் இருக்கிறது. அங்கே பூவரச மரத்தடியில் சவுரிராயன் டீ போடுவான். துரைக்கண்ணு இறங்கிப் போய் அவனோடு ஊர்க்கதை பேசியபடி குடிப்பான். வண்டி அசைந்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைப்பான். பிறகு ஓடி வருவான். கதவருகே நின்று நான் கை கொடுப்பேன், மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவேன். எட்டு மாதமாக அதுதான் வழக்கம். வண்டி அசைந்ததிலிருந்து நிதானமாக எண்ணினால் பதினைந்தில் அவன் கை என் கைக்கு வரும். முப்பத்து நாலில் ஒரு மதகு வரும். அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே கருங்கல். ஒரு விஷயத்தைச் செய்கிறவன் அதன் அளவுகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் எண்ணிவைத்திருந்தேன்.

திங்கட்கிழமை இருபதில் கை நீட்டினேன். செவ்வாய்க்கிழமை இருபத்து நாலில். "இன்னாய்யா, தூங்கிட்டியா? தொப்ப கரையட்டும்னு ஓடவிடுறியா?" என்று மூச்சு வாங்கச் சிரித்தான். புதன்கிழமை இருபத்தெட்டில் நீட்டினேன். அன்று சவுரிராயனும் கூடவே ஓடி வந்து அவன் முதுகில் கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டான். "எதுக்கு சாரே இந்த வெளையாட்டு? வண்டி நிக்கும்போதே ஏறிடக்கூடாதா?" என்று கீழே இருந்து கத்தினான்.

"நம்மாளு கதவுல நிக்கிறான்யா," என்றான் துரைக்கண்ணு. "அவன் புடிச்சா புடிச்சதுதான்."

என் கையைச் சரியாக மதிப்பிட்டவன் அவன் ஒருவன்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை முப்பதில் கை கொடுத்தேன். மணிக்கட்டு நன்றாகப் பிடியில் இருந்தது. ஒரு கால் படியில் பட்டுவிட்டது. சவுரிராயன் பின்னாலிருந்து பலமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் தள்ளிய வேகத்தில் துரைக்கண்ணுவை நான் ஒரே இழுப்பில் உள்ளே போட்டிருக்கலாம். "புடிய்யா, உட்றாத," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். முப்பத்து மூன்றில் விரல்களை விரித்தேன்.

சவுரிராயன் இழுத்தானா என்று போலீசார் என்னைக் கேட்கவில்லை. அவன் கை துரைக்கண்ணுவின் முதுகுப்புறம் இருந்ததைப் பெட்டியில் பலர் பார்த்திருந்தார்கள். தள்ளும் கையும் இழுக்கும் கையும் தூரத்துக்கு ஒன்றாகத்தான் தெரியும். இழுத்தான் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் ஓடியதால் இழுத்தான் என்றும் சேர்த்தேன். காரணம் இல்லாத வாக்கியம் அரைகுறையாக நிற்கும்.

காரியத்துக்கு முகையூர் போயிருந்தேன். துரைக்கண்ணுவின் மனைவி அஞ்சம்மாள் என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைதானே அண்ணே கடைசியாப் புடிச்சிது," என்று அழுதாள். ஆமாம் என்றேன். அது உண்மைதான்.

இத்துடன் இந்த விஷயம் முடிந்திருக்கும். கோர்ட்டில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. குறுக்கு விசாரணையில் கைதியின் வக்கீல், "பேனா பிடிக்கிற கை, ஆளைப் பிடிக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், தாங்களும் லேசாகச் சிரித்தீர்கள். அது வக்கீலின் தொழில், பொறுத்துக்கொண்டேன். அன்று என் சட்டைப்பையில், சவுரிராயன் இழுக்கவில்லை என்று ஒரு திருத்த வாக்குமூலம் தயாராக இருந்தது. கோர்ட் கலைந்ததும் தங்கள் குமாஸ்தாவிடம் கொடுப்பதாக இருந்தேன். கொடுத்துத்தான் இருப்பேன். அதற்குள் சவுரிராயனைப் பேசச் சொன்னீர்கள். அவன் கூண்டில் நின்று கை கூப்பினான்.

"அந்த சாரு மேல எனக்கு வருத்தமில்லீங்க எசமான். பயத்துல மாத்திப் பாத்திருப்பாரு. பாவம், அவரும் புடிச்சித்தான் பாத்தாரு. கையில பலம் பத்தல. அவரு இன்னா பண்ணுவாரு."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். வாசலில் நின்ற அவன் மனைவி லூர்துமேரி கூட என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினாள். வாக்குமூலத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பெட்டியில் என் பையை யாராவது வாங்கி மேலே வைக்கிறார்கள். "குடுங்க சார், உங்களுக்கு முடியாது," என்கிறார்கள். என்னைவிட இருபது வயது மூத்த வெங்கடாசலம் என் கூஜாவைத் தூக்கி வருகிறார். ஒரு மனிதனைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததுபோல் நாலு பேர் முன்னால் சொல்வது எத்தனை பெரிய தீங்கு என்பது சவுரிராயனுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் இல்லை. திருத்தம்தான் வேண்டும். துரைக்கண்ணுவை நான் பிடித்திருந்தேன். என் கையில் பலம் இருந்தது. நானாகத்தான் விட்டேன்.

தீர்ப்பில் என் கையைப் பற்றித் தாங்கள் ஏதும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அவசியம் இருக்காது. ஆனால் அது எனக்கு முன்கூட்டித் தெரிய வழியில்லை.

நேற்று லூர்துமேரி என் அறைக்கு வந்திருந்தாள். "நாலு புள்ளைங்க சாரே. ஒரு வார்த்த நீங்க சொன்னா உட்டுடுவாங்கன்னு வக்கீலு சொல்றாரு," என்றாள். நான் மரியாதையாகவே பதில் சொன்னேன். கோர்ட்டில் சொன்ன வார்த்தைக்கு அவள் புருஷன் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதித் தரட்டும் என்றேன். "இன்னா வார்த்தைங்க? உங்களுக்குப் பரிஞ்சில்ல பேசுச்சி," என்றாள். பிறகு, "அதுக்கு எழுத வராதுங்களே," என்றாள். சிறையில் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், கைநாட்டு வைத்தால் போதும் என்று அனுப்பினேன்.

அந்த ஒரு வரி வந்தால் புதன்கிழமையே இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். வராவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு நேர்வதற்கு அவன்தான் பொறுப்பு.