நாற்பத்தோராயிரம் மணி நேரம் ஓடிய டிஸ்க்

கம்ப்யூட்டர் கட்டித் தரச் சொல்லி வர்றவங்க முதல்ல கேக்கறது பெட்டிக்குள்ள கலர் லைட்டு எரியுமான்னுதான் மேடம். பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். டிஸ்க்கைப் பத்தி ஒரு ஆள் கேட்டதில்லை. நீங்கதான் முதல் ஆள். செத்த டிஸ்க்கைப் பிரிச்சு உள்ள இருக்கறதை மீட்டுக் குடுக்கறது உங்க வேலை, அதனால கேக்கறீங்க. மூணு மாசம்கூட ஆகாத மெஷின்ல, நாற்பத்தோராயிரம் மணி நேரம் ஓடின டிஸ்க் எப்படி வந்துச்சுன்னு.

டிஸ்க் தன் வயசைத் தானே எழுதி வச்சுக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். என் தம்பிக்குத்தான் தெரியாது. அவர் கலைஞர். கலைஞர்களுக்கு இந்த மாதிரி சில்லறை விஷயமெல்லாம் தெரியக் கூடாது.

அம்மா ஞாபகம் தப்பி, ஆள் அடையாளம் தெரியாம நாலு வருஷம் இருந்தாங்க. குளிப்பாட்டினது, ஊட்டினது, ராத்திரி பகல் பாக்காம துணி மாத்தினது எல்லாம் நான். தம்பி ஞாயித்துக்கிழமை வருவான். கேமரா, ரெண்டு விளக்கு, சட்டையில குத்தற மைக்கு. "சின்னவனே, வந்துட்டியா"ன்னு அம்மா முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, உனக்கு இங்க சம்பளமெல்லாம் ஒழுங்கா குடுக்கறாங்களா?"ன்னு கேப்பாங்க. ரொம்ப அக்கறையா. வேலைக்காரங்ககிட்ட அம்மா எப்பவுமே நல்லா நடந்துப்பாங்க.

ஒரு வாரமாவது தம்பி கேமராவை இறக்குவான்னு பாத்தேன். "அண்ணா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாயேன். இதான் படத்தோட உயிரே"ன்னான். நானும் வெளிச்சத்துக்கு வந்தேன். வலிச்சது மேடம். அதுக்காக இதைச் செஞ்சேன்னு எழுதிக்காதீங்க, நான் அவ்வளவு சின்ன ஆள் இல்லை.

அம்மா போன அடுத்த மாசம் வந்தான். அறுபது மணி நேரம் எடுத்து வச்சிருக்கான், அதை ஒரு மணி நேரப் படமாக்கி ஒரு பெரிய போட்டிக்கு அனுப்பணும். "உன்னை விட்டா எனக்கு யாருண்ணா இருக்கா? பார்ட்ஸெல்லாம் நீயே பாத்துப் போட்டுக்குடு"ன்னான்.

பாத்துத்தான் போட்டேன். பெரிய வீடியோவை மென்னு தின்னற ப்ராசஸர். அறுபத்து நாலு ஜிபி மெமரி. அம்மாவோட பச்சைப் புடவை பச்சையாவே தெரியணும்னு, நிறம் பிசகாத மானிட்டர் தேடினேன். பேச்சுச் சத்தத்தோட ஃபேன் இரைச்சல் கலக்கக் கூடாதுன்னு, காதுக்கே கேக்காத ஃபேன். வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் செய்யற மாதிரி செஞ்சேன்.

டிஸ்க்குக்கு மட்டும் ரொம்ப மெனக்கெட்டேன். ரெண்டு டிஸ்க்கை இணைச்சு ஒண்ணா ஓட விட்டா வீடியோ வழுக்கிட்டு ஓடும். பாதி இதுல, பாதி அதுல எழுதும். ஒண்ணு செத்தா மத்ததும் குப்பை. ஒரு டிஸ்க் புதுசு. இன்னொண்ணுக்குக் கடையில கழிச்சுப் போட்ட பெட்டியைக் கிளறினேன். பதினொரு டிஸ்க்கைச் சோதிச்சேன். நல்லதைப் பொறுக்க எவனாலயும் முடியும். உடனே சாகாம, ஆனா கண்டிப்பா சாகப் போற ஒண்ணைப் பொறுக்கறதுக்கு அனுபவம் வேணும். ஒரு கிடங்குல கண்காணிப்புக் கேமராவுக்குக் கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் உழைச்ச டிஸ்க் அது. துடைச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டினேன். நாலு வருஷம் உழைச்ச என்னைவிட அதுக்கு மரியாதை அதிகமாவே கிடைச்சுது.

"பேக்கப்புக்குத் தனியா ஒண்ணு வேணாமாண்ணா?"ன்னு கேட்டான். பரவாயில்லை, அந்த அளவுக்கு மூளை இருந்திருக்கு.

"ஏன்டா, அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?"

அவ்வளவுதான், பையோட என் மேசை மேல வச்சுட்டான். அவனோட பழைய டிஸ்க்கு, கேமரா கார்டு எல்லாத்தையும் நானே வாங்கி, புது மெஷின்ல ஏத்திட்டு, எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தமா திருப்பிக் குடுத்தேன். தேங்க்ஸ் சொன்னான்.

எழுபத்து மூணாம் நாள் மெஷின் நின்னுச்சு. படம் முடிய ரெண்டு காட்சிதான் பாக்கி. பெட்டியை நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்து, கடை வாசல்லயே உக்காந்துட்டான். "அம்மாவை ரெண்டாவது தடவை சாகடிச்சுட்டேண்ணா"ன்னு கேவிக் கேவி அழுதான். "சாகடிச்சுட்டேன்"னுதான் சொன்னான், கவனிங்க. பழியைக்கூட எனக்கு விட்டுத்தர மனசில்லை. தோள்ல கை போட்டு, டீ வாங்கிக் குடுத்து, உங்க விலாசத்தையும் நான்தான் எழுதிக் குடுத்தேன். கூடப் பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?

நீங்க இன்னும் சிரமப்படாதீங்க மேடம். அதுல இருந்து ஒண்ணும் மீளாது, அப்படிப் பாத்துத்தான் பொறுக்கினேன். ஆனா நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு நகல் எடுத்துட்டேன். என் மேசை இழுப்பறையில பத்திரமா இருக்கு. ரொம்ப நல்ல டிஸ்க், ஆயுசு கெட்டி.

அதைத் தம்பிகிட்ட கண்டிப்பா குடுத்துடுவேன். அறுபது மணி நேரத்துல அம்மா ஒரு தடவையாவது என்னைப் பாத்து "பெரியவனே"ன்னு கூப்பிட்டிருப்பாங்க. படத்துல அந்த இடத்தைச் சேக்கணும் இல்லையா? அது கிடைச்ச அடுத்த நிமிஷம் நானே கொண்டுபோய்க் குடுத்துடுவேன்.

முழுசா ரெண்டு தடவை பாத்துட்டேன். கண் அசந்த நேரத்துல தவறியிருக்கும். இப்ப மூணாவது தடவை, நிதானமா, முதல்ல இருந்து பாத்துட்டிருக்கேன்.