சத்தம் ஒரே அளவில்

இரண்டு பேஸ் கிட்டார்களை அடுத்தடுத்துக் கேட்டால், எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். காதின் புத்தி அவ்வளவுதான். அதனால் முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மரம், கம்பி, கம்பியின் ஒலியைப் பிடிக்கும் காந்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பதினான்கு வருடமாக நான் பார்த்த வேலை இது. இதைப் புரிந்துகொண்டால் நான் செய்ததும் உங்களுக்குப் புரியும்.

எங்கள் இசைக்கருவிக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் வாசிப்பு; சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கும். அடுத்ததில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஹெட்போன். கடைக்கு வரும் ஒவ்வொரு பேஸிலும் ஒரே ஆள், ஒரே ரகக் கம்பி போட்டு, ஒரே மெட்டை வாசிப்பார். பதிவுகளைக் கலைத்துப்போட்டு, எது எந்தக் கருவி என்று தெரியாமலே நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்பு எழுதுவேன். அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் வாங்க வருவார்கள். என் காதுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

வாசிக்கும் ஆள் என் தங்கையின் கணவர். வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். மாப்பிள்ளை என்கிற மரியாதையில் இன்றுவரை நான் ஒரு குறையும் வைத்ததில்லை. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன வருடம் முதலாளி ஒரு விளையாட்டு வைத்தார். ஐந்து பேஸ்களின் பதிவு ஒலிக்கும். நானும் மாப்பிள்ளையும் எது எது என்று தாளில் எழுத வேண்டும். வேடிக்கை பார்க்க இருபது வாடிக்கையாளர்கள். அவர் ஐந்தையும் சரியாக எழுதினார். நான் மூன்று. குடைவான உடம்பு கொண்டதையும் கட்டியான மரத்தில் செய்ததையும் மாற்றி எழுதியிருந்தேன். நேற்றுச் சேர்ந்தவன்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். என் காதுகள் இரண்டு வருடமாக மங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு கேட்கிறது என்று காது டாக்டர் கோடு போட்டுக் கொடுத்த வரைபடத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன்.

“என்ன மச்சான், காத வீட்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?” என்றார்.

இருபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “இனிமே வாசிச்சு முடிச்சதும் நாற்காலிலயும் அவரே உக்காரட்டும். நீங்க மேசையப் பாத்துக்குங்க.” மேசை என்றால், ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்.

நான் அவரை வெறுத்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. என் நாற்காலியில் அவர் சாய்ந்து உட்காருவதை வெறுத்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் சோம்பல் முறிப்பதை வெறுத்தேன். ஆனால் வெறுப்பு வேறு, வேலை வேறு. நான் யோசித்தது இவ்வளவுதான். அவர் காது ஒரு அளவில் இருக்கிறது, என் காது ஒரு அளவில் இருக்கிறது. இப்படி வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஒப்பிட்டால் அது என்ன ஒப்பீடு?

முதல் நாள் குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன். பேஸ் ஒலி காதைக் குத்தாது, நெஞ்சில்தான் உட்காரும். நாளுக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். மெதுவாக ஏற்றினால் காது பழகிவிடும். பழகிய பிறகு அவரே கேட்பார்.

“மச்சான், இன்னிக்கு ரொம்ப சன்னமா இருக்கே. கொஞ்சம் ஏத்துங்க.”

கேட்டதைக் கொடுத்தேன்.

மூன்றாவது மாதம், “காதுக்குள்ள யாரோ விசில் அடிக்கிற மாதிரியே இருக்கு மச்சான்” என்றார். “கைக்குழந்தை இருக்கற வீடு மாப்பிள்ள. தூக்கம் பத்தல, அவ்ளோதான்” என்றேன். நம்பினார். என்னை அவர் எப்போதுமே நம்புவார்.

கூர்மையான ஒலிகள்தான் காதை விட்டு முதலில் போகும். கம்பியில் விரல் உரசுவது அவருக்குக் கேட்காமல் போனது. தகரம் மாதிரி ஒலிக்கும் பேஸ்களை ‘நல்ல தெளிவு’ என்று எழுத ஆரம்பித்தார். கடையிலேயே அருமையான ஒன்றைப் ‘போர்வைக்குள்ளிருந்து வருகிறது’ என்று ஒதுக்கினார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலாளி அவரை எல்லோர் முன்னாலும் திட்டினார். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது, வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு மதியம் தங்கை கடைக்கே வந்துவிட்டாள்.

“அண்ணா, பக்கத்துலயே பாப்பா வீல்னு கத்தறா. இவரு பாட்டுக்குப் பேப்பர் படிச்சிட்டிருக்காரு. திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குப் பயமா இருக்குண்ணா.”

“காதுல அழுக்கு சேந்திருக்கும். போகப் போகச் சரியாயிடும்” என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு மாடிக்குப் போய்க் குமிழைத் திருப்பினேன். எவ்வளவு என்பது அந்தப் பச்சை நோட்டில் இருக்கிறது.

ஆமாம், உங்கள் முன்னால் இருக்கும் அந்த நோட்டு என் கையெழுத்துதான். சத்த அளவைத் தேதி போட்டு எழுதாவிட்டால் ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. ஏழு மாதம், ஒரு நாள் விடாமல் எழுதினேன். வேலை செய்யும் இடத்தில் சத்தம் எவ்வளவு என்று மாப்பிள்ளையைப் பார்த்த டாக்டர் கேட்பார், முதலாளி அந்த நோட்டை எடுத்துத் தங்கையிடம் கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் அளவு எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். பதினான்கு வருடத்தில் நான் ஒரு பொய் அளவுகூட எழுதியதில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை கணவரின் காதுகளை, தெரிந்தே, அளந்து அளந்து நான்தான் கெடுத்தேன். பொறாமையால் என்று மட்டும் போடாதீர்கள். அவருடைய வரைபடம் உங்கள் கோப்பில் இருக்கிறது. என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனிமேல்தான் ஒப்பிட முடியும். அந்த ஐந்து பேஸ்களையும் திரும்ப வரவழையுங்கள். எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள். வாசிக்க வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளைக்கு இனி சுருதி சேர்க்க வராது.

முடிந்தால், அன்றைக்குச் சிரித்த அந்த இருபது பேரையும் கூப்பிடுங்கள்.