வெளிச்சம் பட்ட சாயம்

புழுக்களைப் பற்றி யாரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதில்லை, அண்ணா. நானும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று உங்கள் தங்கைதான் என்னை நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள்.

"பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள நடக்கறத ஒளிக்கவே தெரியாது, பாவம். உன்ன மாதிரி ஊமைக்கோட்டான் இல்ல."

அந்த ஆய்வகத்தில் என்னிடம் உரிமையோடு பேசிய ஒரே ஆள் அவள்தான். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அவளுடைய ஆராய்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்காது. உடம்புக்குள் போகும் ஆக்சிஜனே சில சமயம் செல்களை அரிக்கும், இரும்பில் துரு ஏறுவதுபோல. அதைத் தடுக்கும் என்று நம்பிய ஒரு மருந்தை அக்கா புழுக்களுக்குக் கொடுத்தாள். பிறகு ஒரு சாயத்தில் ஊறவைப்பாள். பாதிப்பு அதிகமுள்ள புழு பச்சையாக ஒளிரும். மருந்து வேலை செய்திருந்தால் மங்கலாகத் தெரியும். மங்கினால் அவளுக்குப் பட்டம். பட்டம் வந்தால் கடல்தாண்டி ஒரு வேலை காத்திருந்தது.

முதல் தடவையே மங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை வந்துட்டா நான் பறந்துடுவேன்டி" என்றாள். நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் பட்டால் கெட்டு, தானாகவே ஒளிர ஆரம்பித்துவிடும். அதனால் குப்பியை அலுமினியத் தாளால் சுற்றி வைப்போம். கலந்துவைப்பது என் வேலை. அக்கா டீ குடிக்கப் போனதும் தாளைப் பிரித்துக் குப்பியை ஜன்னலோரம் வைப்பேன். அவள் வருவதற்குள் மறுபடி சுற்றிவிடுவேன். அவ்வளவுதான். புழுக்களுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

மருந்து தின்றது, தின்னாதது எல்லாம் ஒன்றுபோல ஒளிர்ந்தன.

"சாயம் சரியாத்தான இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"புதுசாத்தான் கலந்தேன்க்கா."

எதற்கும் புழு இல்லாமல் சாயம் மட்டும் ஒளிர்கிறதா என்று அளந்து பார்க்கச் சொன்னாள். அதற்கு மட்டும், வெளிச்சம் படாமல் வைத்திருந்த இன்னொரு குப்பியிலிருந்து எடுத்தேன். பிறகு அவள் சாயத்தைச் சந்தேகப்படவில்லை. தன் கையைச் சந்தேகப்பட்டாள். தோல் உரியுமளவு கழுவினாள். எங்கள் ஆய்வகத் தலைவர் எல்லோர் முன்னாலும், "கை சுத்தம் இல்லாதவங்களுக்கு இந்த வேலை எதுக்கும்மா?" என்று கேட்டார். வெளிநாட்டு வேலை வேறொருவருக்குப் போயிற்று. உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, இங்கே என்னோடு தங்க வந்தாள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். நடுவில், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிறேன் என்றாள். அந்த வாரம் அவள் அணைத்துவிட்டு வந்த அடுப்பை நான் மறுபடி சிம்மில் எரியவிட்டேன்.

"அணைச்சேனேடி. அணைச்சேன்ல?"

"இல்லக்கா. பரவால்ல, நான் பாத்துட்டேன்ல."

அடுப்புக்குப் பிறகு குழாய். அப்புறம் சாவி. இப்போது அவள் சமைப்பதில்லை, தனியாக வெளியே போவதில்லை. பேனாவை மூடினாளா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்கிறாள்.

காய்ச்சலில் நான் விடுப்பு எடுத்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் அக்காவின் சோதனையைத் தானே சாயம் கலந்து செய்து பார்த்திருக்கிறாள். புழுக்கள் மங்கியிருக்கின்றன. தலைவர் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னது அதைத்தானே? நான் மறுக்கவில்லை. எல்லாம் நான் செய்ததுதான். என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள். தாராளமாகக் கூட்டிப்போங்கள். அறைக் கதவு சாத்தித்தான் இருக்கிறது, பூட்டவில்லை. நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்பாள். கேட்டுவிட்டு எழுந்து வந்து, நிஜமாடி என்று என்னிடம் கேட்பாள். இல்லை என்பேன். கூடப்பிறந்த உங்களை விட்டுவிட்டு என்னைத்தான் நம்புவாள்.

கெட்டவள்மேல் யாராவது இவ்வளவு நம்பிக்கை வைப்பார்களா, அண்ணா, நீங்களே சொல்லுங்கள்.